விழிக்காத மடிக்கணினி

மனிதன் தான் அறிந்தவற்றைத் தனக்குப் பின் வருவோர்க்கும் பயன்படுமாறு எழுதிவைக்க விரும்பினான். முதலில் கல்லில் வெட்டினான், செப்பேட்டில் பொறித்தான், பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறினான், அதன் பின்னர்த் தாளில் அச்சிட்டான். எழுதும் வழி எளிதாக ஆக, எழுதப்படுவனவற்றின் அளவு பெருகியது. ஆனால், எழுதியது நிலைத்து நிற்கும் காலமோ குறைந்துகொண்டே வந்தது. கல்வெட்டு ஆயிரம் ஆண்டும் நிற்கும்; ஓலைச்சுவடி சில நூறு ஆண்டு நிற்கும்; இக்காலத்து மடிக்கணினியினுள் இருக்கும் வன்தட்டோ சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடக்கூடும்.

நேற்று வரை நன்கு இயங்கிய மடிக்கணினி, இன்று காலையில் பொத்தானை அழுத்தியும் விழிக்காமற் கிடக்கின்றது. இத்தகைய வேளையில் மக்கள் இருவகைப் பிழை செய்கின்றனர். ‘எல்லாம் போயிற்று’ என்று சோர்ந்து கைவிடுவோர் ஒரு சாரார். ‘இதோ சரிசெய்துவிடுகின்றேன்’ என்று கையில் அகப்பட்டதையெல்லாம் செய்து பார்ப்போர் மற்றொரு சாரார். முன்னவர் மீட்கக் கூடியதை இழக்கின்றனர். பின்னவர் மீட்கக் கூடியதைத் தம் கையாலேயே அழிக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே நிதானமான நெறி ஒன்று உண்டு. அதனை அறிதல் மாணவர்க்குப் பெரிதும் பயன் தரும்.

வன்தட்டின் வரலாறும் அமைப்பும்

ஹார்டு டிஸ்க் என்று மக்கள் வழங்கும் வன்தட்டு முதன்முதலில் 1956 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில், ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில், ரெனால்டு ஜான்சன் என்பார் தலைமையில் அஃது உருவாக்கப்பட்டது. விட்டம் 24 அங்குலம் உடைய 50 தட்டுகள் அதன்கண் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. பெரிய அலமாரி போன்ற அக்கருவி ஏறத்தாழ ஒரு டன் எடையுடையது. எனினும், அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இக்காலத்து மடிக்கணினியில் உள்ள 500 ஜிகாபைட் வன்தட்டு உள்ளங்கையில் அடங்குவது. அவ்வலமாரியைப்போல ஒரு இலட்சம் மடங்குக்குக் குறையாமற் கொள்வது.

இச்சிறு பெட்டியினுள் நிகழ்வது வியப்புக்குரியது. கண்ணாடிபோல் மெருகேற்றிய வட்டத்தட்டு ஒன்று, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றது; அதாவது, நொடிக்கு 90 சுற்று. தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. தட்டின்மேல் பூசப்பட்ட காந்தப் படலத்தில் செய்திகள் மிகச் சிறிய காந்தப் புள்ளிகளாக எழுதப்படுகின்றன. அவற்றை எழுதவும் படிக்கவும் மெல்லிய கைபோன்ற உறுப்பொன்றின் நுனியில் ஒரு முனை உண்டு. அம்முனை தட்டினைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல் மிதந்து செல்கின்றது. தட்டுக்கும் முனைக்கும் இடையே உள்ள வெளி, தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அவ்வளவு நுண்ணிய இடைவெளியில் ஒரு தூசு புகுந்தாலும், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கைதவறி விழுந்தாலும், முனை தட்டில் உராய்ந்து படலத்தைச் சிதைத்துவிடும். சுழலும் உறுப்புக்குத் தேய்வும் உண்டு. ஆகவே, எந்த வன்தட்டும் என்றேனும் ஒரு நாள் பழுதுறுவதே இயல்பு.

கணினி விழிக்கும் முறை

பழுதினை அறிய விரும்புவோர் முதலில் இயல்பான நிலையை அறிதல் வேண்டும். மின்பொத்தானை அழுத்தியவுடன், கணினியின் தாய்ப்பலகையில் உள்ள ‘பயாஸ்’ என்னும் சிறு நிரல் விழிக்கின்றது. அது செயலி, நினைவகம், திரை முதலிய உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றது; பின்னர் நிறுவனத்தின் சின்னத்தைத் திரையிற் காட்டுகின்றது. அதன் பின்னரே வன்தட்டினை நாடி, அங்குள்ள தொடக்க நிரலைப் படிக்கின்றது. அந்நிரல் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுகின்றது. அவ்வாறு ஏற்றப்பட்ட பிறகுதான் கணினி நம் ஏவலுக்குக் காத்து நிற்கும்.

இவ்வரிசையை மனத்திற் கொண்டால் ஓர் உண்மை விளங்கும். தொடக்க நிரலோ இயங்குதளமோ எழுதப்பட்ட சிறிய இடம் மட்டும் பழுதுற்றாலும் கணினி விழிக்காது. அந்நிலையிலும் ஏனைய இடங்களில் உள்ள பாடங்கள், படங்கள், பாடல்கள் ஆகியவை சேதமின்றி இருத்தல் கூடும். வாயிற் கதவின் பூட்டுத் துருப்பிடித்தமையால் வீட்டினுள் உள்ள பொருள்கள் அழிந்தன என்று எவரும் கொள்வரோ? விழிக்காத கணினி வேறு. யாவற்றையும் இழந்த கணினி வேறு.

பழுதறியும் முறை

மருத்துவன் முதலில் நோயினைத் துணிந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, தணிக்கும் வழியை அறிந்து, அதன் பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் வகுத்த நெறி. உடலுக்கு உரைத்த அந்நெறி கருவிக்கும் பொருந்தும்.

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாமல், விசிறி ஓசையும் எழாமல் இருப்பின், குறை பெரும்பாலும் மின்சாரத்தைச் சார்ந்தது. சார்ஜரையும் சுவரில் உள்ள மின்செருகியையும் முதலில் நோக்குதல் வேண்டும். சார்ஜரைப் பிரித்துவிட்டு, மின்பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்து, மீண்டும் இணைத்துப் பார்த்தல் ஒரு முறை. விளக்கு எரிந்து, விசிறியும் சுழன்று, திரை மட்டும் இருண்டிருப்பின், குறை திரையிலோ நினைவகத்திலோ இருக்கலாம். வேறொரு திரையை இணைத்துப் பார்த்தால் அது வெளிப்படும்.

நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுகின்றது, அதற்குமேல் செல்லவில்லை, தொடங்குவதற்குரிய தட்டு காணப்படவில்லை என்னும் பொருளுடைய ஆங்கில வாசகம் வருகின்றது. அப்பொழுதே ஐயம் வன்தட்டின்மேற் செல்லவேண்டும். சின்னம் தோன்றியமையால், செயலி, நினைவகம், திரை ஆகியவை பெரும்பாலும் நலமாய் உள்ளன என்பது பெறப்படும். ஆயினும், உடனே தீர்ப்புக் கூறிவிடலாகாது. கணினியிற் செருகி மறந்த பென் டிரைவ் ஒன்றை வன்தட்டென்று கருதிப் பயாஸ் ஏமாந்து நிற்றலும் உண்டு. அதனை எடுத்துவிட்டு மீண்டும் முயலுதல் வேண்டும்.

அடுத்து, கணினி தொடங்கும்போது எஃப் 2, டெலீட் போன்ற பொத்தான்களுள் அந்நிறுவனம் குறித்த ஒன்றை அழுத்திப் பயாஸ் பக்கத்தினுட் புகவேண்டும். அங்கே வன்தட்டின் பெயர் காணப்படாவிடின், அதன் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். அன்றி, வன்தட்டே செயலற்றுப் போயிருக்கலாம். பெயர் காணப்படின், அது பேசும் நிலையில் உள்ளது என்றும், அதில் எழுதப்பட்டதில் எங்கோ சிதைவு உண்டு என்றும் கொள்ளலாம்.

செவியும் இங்கே துணை செய்யும். நலமான வன்தட்டு மெல்லிய இரைச்சலோடு சுழலும். ‘டிக், டிக்’ என்று ஒரே சீராக மீண்டும் மீண்டும் ஓசை எழுமாயின், முனை தன் இடத்தைக் காணாது தடுமாறுகின்றது என்பது பொருள். அவ்வோசை கேட்ட அளவில் கணினியை நிறுத்திவிடல் வேண்டும். அதன் பின்னர் ஒவ்வொரு முறை இயக்குவதும் எஞ்சியதை அழிக்கும் செயலாக முடியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

மேனிலைப் பள்ளி மாணவி ஒருத்தியின் இல்லத்தில் அவள் தமையனின் பழைய மடிக்கணினி இருந்தது என்று கொள்வோம். தமிழ்நாட்டில் அரசு பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்புப் பயில்வோர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 இல் தொடங்கியது. அவ்வாறு பெற்ற கணினி அது. அம்மாணவியின் பாட்டி நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுவதில் வல்லவர். அவர் பாடிய 40 பாடல்களை மாணவி கைப்பேசியிற் பதிந்து, கணினிக்கு மாற்றி, இடமின்மையால் கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டாள். அடுத்த ஆண்டு பாட்டி இயற்கை எய்தினார். பாடல்கள் அவ்வொரு கணினியில் மட்டும் இருந்தன.

சில கிழமைகளாகவே அக்கணினி மிகத் தாமதமாக விழித்தது. ஒரு கோப்பினைத் திறக்க நெடுநேரம் கொண்டது. கணினி பழையதாயிற்று என்று அனைவரும் எண்ணினர். உண்மையில் அது வன்தட்டின் தளர்ச்சி. படிக்க இயலாத இடம் ஒன்றனை வன்தட்டு அடையும்போது, உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. திரும்பத் திரும்ப முயல்கின்றது. அம்முயற்சியே வெளியில் தாமதமாகத் தோன்றுகின்றது. இறுதியில் ஒரு நாள் சின்னம் மட்டும் தோன்றிக் கணினி நின்றுவிட்டது.

“ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ஓடும்” என்றான் தமையன்.

“வேண்டாம் அண்ணா! பாட்டியின் பாட்டெல்லாம் அதில்தானே இருக்கின்றது?” என்று தடுத்தாள் தங்கை. மறுநாள் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் அதனைக் கொண்டு சென்றாள்.

ஆசிரியர் முதலில் அதன் ஓசையைக் கேட்டார். தடுமாறும் ஒலி இல்லை. பயாஸ் பக்கத்தைப் பார்த்தார்; வன்தட்டின் பெயர் இருந்தது. பின்னர் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட பென் டிரைவ் ஒன்றைச் செருகி, வன்தட்டினைச் சாராமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கினார். கணினி உடனே விழித்தது.

“பார்த்தாயா, அம்மா? ஏனைய உறுப்புகள் எல்லாம் நலமாக இருக்கின்றன. குறை வன்தட்டில்தான்” என்றார் ஆசிரியர்.

“பாடல்கள் கிடைக்குமா, ஐயா?”

“முதலில் அவற்றை எடுக்க முயல்வோம். கணினியைச் சரிசெய்வது பிறகு.”

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் வழக்கம் உடையது. அக்குறிப்புக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ஆசிரியர் அதனைத் திறந்து காட்டினார். பழுதுற்றமையால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள் பல; இன்னும் படிக்க இயலாமல் நிலுவையில் உள்ள பகுதிகள் சில. இவ்வெண்கள் ஏறத் தொடங்கினால், வன்தட்டின்மேல் நம்பிக்கை வைத்தல் ஆகாது.

ஆசிரியர் வேறொரு புறத் தட்டினை இணைத்தார். இயங்குதளத்தையோ, மீண்டும் எங்கும் பெறத்தக்க திரைப்படங்களையோ அவர் தொடவில்லை; பாடல்கள் இருந்த கோப்புறையை முதலிற் படியெடுத்தார். சில கோப்புகள் இடையில் நின்றன. அவற்றுக்காக டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரலை ஏவினார். அது தடையின்றிப் படிக்கக் கூடிய பகுதிகளையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, இடர்தரும் பகுதிகளைக் குறித்துவைத்து, அவற்றை இறுதியில் மீண்டும் நாடுவது. எளிதில் மீள்வதை முதலில் மீட்டல் என்பதே அதன் உத்தி.

மாலைக்குள் 37 பாடல்கள் மீண்டன, மூன்று மீளவில்லை. அம்மூன்றையும் மீண்டும் பாடுவதற்குப் பாட்டி இல்லை. மாணவி மீண்ட பாடல்களுக்கு மகிழ்வதா, மீளாதவற்றுக்கு வருந்துவதா என்று அறியாமல் நின்றாள்.

பிறகு புதிய தட்டொன்று வாங்கிப் பொருத்தப்பட்டது. சுழலும் உறுப்பு இல்லாத, எஸ்.எஸ்.டி. எனப்படும் வகை அது. மின்னிணைப்பை நீக்கி, சில திருகாணிகளைக் கழற்றி, பழைய தட்டினை எடுத்துப் புதியதைச் செருகிய வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டது. கணினி முன்னினும் விரைவாக விழித்தது. கருவியின் உறுப்பு கடையிற் கிடைத்தது. அதில் எழுதப்பட்டிருந்தது கடையிற் கிடைக்குமோ?

செய்யத் தகாதன

முதலாவது, பழுதுற்ற வன்தட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது. ஃபார்மேட் செய்தலும், இயங்குதளத்தை அதன்மேலேயே மீண்டும் நிறுவுதலும் பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்தை எழுதுதல் போல்வன. தட்டினைத் திருத்தும் நிரல்களும் மீட்புக்கு முன்னர்த் தீங்கானவை. அவை கோப்புகளின் ஒழுங்கினை மாற்றுவதோடு, தளர்ந்த தட்டினை நெடுநேரம் உழைக்கச் செய்யும்.

இரண்டாவது, வன்தட்டின் மூடியைத் திறந்து பார்த்தல் கூடாது. அறையின் காற்றில் மிதக்கும் தூசு ஒன்றே அதனை அழிக்கப் போதும். தூசு நீக்கிய தனியறையும் தக்க கருவியும் உடைய மீட்புக்கூடத்தார் மட்டுமே அதனைத் திறக்க வல்லவர். தட்டுதல், குளிர்பெட்டியில் வைத்தல் போன்ற கைமருந்துகளும் வேண்டா. குளிர்ந்த தட்டின்மேல் ஈரம் படிந்து கேடு மிகும்.

மூன்றாவது, எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது. கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்மார்ட் குறிப்பில் முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றேனும் காட்டாமலே பழுதுற்றவை பாதிக்கு மேற்பட்டவை என்று அவர்கள் கண்டனர். அறிகுறி தோன்றினால் அஞ்சுதல் வேண்டும். தோன்றவில்லை என்பதனால் அயர்ந்திருத்தல் கூடாது.

படியெடுக்கும் அறம்

ஆயின், உறுதியான காவல் யாது? நலமாய் இருக்கும்போதே படியெடுத்து வைத்தலே ஆகும். அறிந்தோர் இதற்கு எளிய கணக்கு ஒன்று கூறுவர்: இன்றியமையாத எதற்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும், அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, புறத் தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் இல்லத்திலோ ஒன்று என்று வைத்தால், ஒரு விபத்தால் மூன்றும் அழிதல் அரிது. எஸ்.எஸ்.டி. பொருத்தியோர்க்கும் இவ்விதி உண்டு. சுழலும் உறுப்பு அதில் இல்லை எனினும், அதுவும் ஓசையின்றித் திடீரென்று செயலறுதல் கூடும்.

படியெடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். 1998 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் கேலிச்சித்திரப் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட அழிப்புக் கட்டளை ஒன்றால் படத்தின் பெரும்பகுதி மறைந்தது. காப்புப் படிகளை நாடினர். அவையோ சில காலமாகச் செவ்வனே பதிவாகாமல் இருந்தமை அப்பொழுதுதான் தெரியவந்தது. படத்தின் தொழில்நுட்ப இயக்குநருள் ஒருவரான கேலின் சஸ்மன் என்னும் பெண்மணி, குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து பணிசெய்ய வேண்டி, ஒரு படியைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வைகளாற் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தனர். வேறோர் இடத்தில் இருந்த அப்படியே பலருடைய உழைப்பினைக் காத்தது.

தமிழ் மக்களுக்கு இவ்வறம் புதியதன்று. ஓலைகள் செல்லரிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின், ஏடு சிதையும் முன்னரே அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதிவைத்தனர். ஒரு நூலின் சுவடிகள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு இல்லங்களில் இருந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய சுவடிகளை ஒப்புநோக்கியே பதிப்பித்தார். ஒன்றில் சிதைந்த இடத்தை மற்றொன்று காட்டியது. படியெடுக்கப்படாத நூல்களோ பெயரளவில் எஞ்சின. சில பெயரும் இன்றி மறைந்தன.

ஏட்டினைக் கறையான் அரித்தது. தட்டினைத் தேய்வு அரிக்கின்றது. அரிக்கும் பொருள் மாறியதேயன்றி, காக்கும் வழி மாறவில்லை. கருவி பழுதுற்றபோது பதறாமல் வரிசையாக ஆராய்க. திருத்தும் முன்னர் மீட்டுக்கொள்க. எல்லாவற்றுக்கும் முன்னர், இன்று நலமாய் உள்ளதை இன்றே படியெடுத்து வைக்க.